ஜிடிபி கூடினால் உமிழ்வு குறைகிறதாம்: என் ரிக்ரெஷன் சொல்வதை நம்பலாமா?

தேடல்22
வணக்கம் நண்பர்களே. முதுகலைப் பொருளாதாரம், கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு 40 நாடுகளை எடுத்துக்கொண்டு, 1990 முதல் 2019 வரை ஒரு நாட்டின் கரியமில வாயு உமிழ்வு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று பார்க்கிறேன். ஒரு பக்கம் தலைக்கு இத்தனை டன் உமிழ்வு. மறுபக்கம் தலைக்கு ஜிடிபி, தலைக்கு ஆற்றல் பயன்பாடு, நகரங்களில் வாழ்பவர்கள் சதவீதம், ஏற்றுமதி இறக்குமதியின் பங்கு. எல்லாவற்றுக்கும் லாக் எடுத்து ரிக்ரெஷன் (ஒன்றோடு மற்றவை எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்று தரவிலிருந்து மதிப்பிடும் சமன்பாடு) ஓட்டினேன். ஆர்-ஸ்கொயர் (சமன்பாடு தரவோடு எவ்வளவு ஒட்டுகிறது என்ற எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.97. பார்த்ததும் துள்ளிக் குதிக்காத குறைதான்.

ஆனால் ஜிடிபிக்கு முன்னால் மைனஸ் வந்து நிற்கிறது. வழிகாட்டியிடம் காட்டினால் "நல்லதுதானே, வளர்ச்சி உமிழ்வைக் குறைக்கிறது என்று முடிவுரையில் எழுதிவிடு" என்கிறார். எனக்கு என்னவோ உறுத்துகிறது. பணம் கூடக்கூடப் புகை குறைந்தால் உலகத்தில் இந்தப் பிரச்சினையே இருக்கக் கூடாதே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா ஒருவன்
0.97 வந்த பிறகும் உறுத்துகிறது என்று சொல்லும் மாணவரை இப்போதுதான் பார்க்கிறேன். வாழ்க.

கரித்துண்டு
உறுத்தியது நல்லதுதான். உங்கள் இடது பக்கத்தில் இருக்கும் உமிழ்வு எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? ஒரு நாட்டின் புகைபோக்கி ஒவ்வொன்றிலும் மீட்டர் வைத்துக் கூட்டியது இல்லை அது. அந்த வருடம் அந்த நாட்டில் எவ்வளவு நிலக்கரி, டீசல், பெட்ரோல், எரிவாயு எரிந்தது என்று ஆற்றல் புள்ளிவிவரத்திலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு குணகத்தால் பெருக்கிக் கூட்டியது. ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு நிலக்கரியில் சுமார் 95 கிலோ கரியமில வாயு, டீசலில் 74, பெட்ரோலில் 69, இயற்கை எரிவாயுவில் 56. சில தரவுகளில் சிமெண்ட் கணக்கு தனியாகச் சேரும், சிலவற்றில் சேராது. பெரும்பாலும் கதை அவ்வளவுதான்.

சீனா தன் நிலக்கரிப் பயன்பாட்டுக் கணக்கைத் திருத்தியது 2015-இல் பெரிய செய்தியானது, நினைவிருக்கிறதா? 2012-க்கான நிலக்கரி எண் மட்டும் ஏறக்குறைய 17 சதவீதம் மேலே போனது. என்றோ வானத்துக்குப் போய்விட்ட புகையில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் காகிதத்தில் அந்நாட்டின் பழைய உமிழ்வு எண்களையெல்லாம் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

ஆக, இடது பக்கம் ஆற்றலிலிருந்து செய்த எண், வலது பக்கமும் ஆற்றல். மகனுக்கு அப்பா ஜாடை இருக்கிறது என்று 40 நாடுகளின் தரவை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். 0.97 அதற்குக் கிடைத்த மார்க்.

இப்போது மைனஸ். ரிக்ரெஷனில் ஜிடிபியின் குணகம் "மற்றவை மாறாதபோது" என்ன ஆகும் என்று சொல்கிறது. அந்த மற்றவையில் ஆற்றலும் இருக்கிறது. வருமானம் கூடும்போது ஒரு நாட்டில் உமிழ்வு ஏன் கூடுகிறது? வண்டி வாங்குகிறார்கள், வீடு கட்டுகிறார்கள், ஆலை ஓட்டுகிறார்கள், அதற்கெல்லாம் கூடுதல் ஆற்றல் வேண்டும் என்பதால். நீங்கள் ஆற்றலை நிலையாகப் பிடித்து வைத்துவிட்டு வருமானம் என்ன செய்கிறது என்று கேட்கிறீர்கள். வருமானம் போகிற பெரிய பாதையையே அடைத்தாயிற்று. மிச்சம் இருப்பது, ஒரே அளவு ஆற்றலைப் பயன்படுத்தும் இரண்டு நாடுகளில் பணக்கார நாடு கொஞ்சம் சுத்தமான எரிபொருளை எரிக்கிறது என்ற செய்தி மட்டும். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் "வளர்ச்சி உமிழ்வைக் குறைக்கிறது" என்பது அதிலிருந்து வராது.

தேடல்22
ஐயோ. இப்படி ஒரு கோணம் இருக்கிறது என்று யாரும் சொல்லவே இல்லை. நான் படித்த கட்டுரைகள் பலவற்றில் ஆற்றலும் ஜிடிபியும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

கரித்துண்டு
இருக்கும். ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர், நாடுகளை மட்டும் மாற்றி மாற்றி. அந்தக் கட்டுரைத் தொழிற்சாலைக்குத் தனியாக உமிழ்வுக் கணக்கு போடலாம்.

கணக்குப்புலி
இதற்குச் சுத்தமான வழி முற்றொருமையை (எப்போதும் உண்மையாகவே இருக்கும் சமன்பாட்டை) முற்றொருமையாகவே பயன்படுத்துவது. ஜப்பானிய ஆற்றல் பொருளாதார அறிஞர் யோய்ச்சி காயா பெயரில் வழங்குவது இது:

உமிழ்வு = மக்கள்தொகை × தலைக்கு ஜிடிபி × ஒரு ரூபாய் ஜிடிபிக்கு ஆகும் ஆற்றல் × ஒரு அலகு ஆற்றலுக்கு வரும் உமிழ்வு

(ரூபாய்க்குப் பதில் டாலர் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது.) வலது பக்கத்தில் ஒன்றை ஒன்று அடித்துவிட்டால் இடது பக்கம் வந்துவிடும், அதனால் இதை நிரூபிக்க ரிக்ரெஷன் தேவையே இல்லை. லாக் எடுத்தால் வளர்ச்சி விகிதங்கள் கூட்டலாகிவிடும். கற்பனையாக ஒரு நாடு: மக்கள்தொகை வருடம் 1 சதவீதம் கூடுகிறது, தலைக்கு வருமானம் 4 சதவீதம் கூடுகிறது, ஆற்றல் செறிவு (மேலே மூன்றாவது காரணி) 2 சதவீதம் குறைகிறது, எரிபொருளின் கரிச்செறிவு (நான்காவது காரணி) அரை சதவீதம் குறைகிறது. 1 + 4 − 2 − 0.5, உமிழ்வு சுமார் 2.5 சதவீதம் கூடும். நாடு வாரியாக, பத்து பத்து வருடமாக இப்படிப் பிரித்துப் பார்த்தாலே உங்கள் ப்ராஜெக்டின் பாதி முடிந்தது. கொஞ்சம் நுணுக்கமாக வேண்டுமென்றால் எல்எம்டிஐ முறை இருக்கிறது, மிச்சம் எதுவும் விழாமல் பிரித்துக் கொடுக்கும்.

ரிக்ரெஷனை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நான்கும் ஏன் அப்படி நகர்கின்றன என்று கேட்பதற்கு.

எல்லை இல்லை
நான்கு பெருக்கல் எல்லாம் எதற்கு? அடிப்படைக் காரணம் மக்கள்தொகைதான். தலைகள் குறைந்தால் புகை குறையும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

கணக்குப்புலி
பிடிக்காமல் இல்லை, கணக்கு ஒத்துவரவில்லை. ஆப்பிரிக்கக் கண்டத்தில் உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய 18 சதவீதம், உலகின் புதைபடிவ எரிபொருள் உமிழ்வில் சுமார் 4 சதவீதம். அமெரிக்காவில் சுமார் 34 கோடிப் பேர், வருடத்துக்கு ஏறக்குறைய 500 கோடி டன். இந்தியாவில் 140 கோடிக்கு மேல், சுமார் 300 கோடி டன். மக்கள்தொகை வேகமாகக் கூடும் சாட், நைஜர் போன்ற நாடுகளில் தலைக்குக் கால் டன்கூட இல்லை. அமெரிக்காவில் தலைக்கு 14 டன் அளவில் இருக்கிறது. அங்கே ஒருவர் கூடினால் நைஜரில் ஒரு சிற்றூரே கூடிய மாதிரி. முற்றொருமையில் மக்கள்தொகை ஒரு காரணிதான், மறுக்கவில்லை. ஆனால் அது எதோடு பெருக்கப்படுகிறது என்பதை விட்டுவிட்டால் எப்படி?

எல்லை இல்லை
நைஜர்காரர்களும் நாளைக்கு வளர்வார்களே, அப்போது? இன்றைய தலைக்கணக்கை வைத்துக்கொண்டு மக்கள்தொகை முக்கியமில்லை என்று சொல்வது வசதியான வாதம்.

கணக்குப்புலி
முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அவர்கள் வளரும்போது எதை எரித்து வளர்வார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. இதற்குப் பழைய பாய்லர் அண்ணா வந்து பேசினால் நன்றாக இருக்கும்.

பழைய பாய்லர்
கூப்பிட்டதால் வந்தேன். அனல்மின் நிலையத்தில் 31 வருடம், இப்போது ஓய்வு. பொருளாதாரம் தெரியாது, எரிப்பது தெரியும்.

நிலக்கரியில் எரிவது பெரும்பாலும் கார்பன். மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன், ஹைட்ரஜன் எரிந்தால் வருவது தண்ணீர் ஆவி. எரிவாயுவில் ஒரு கிகாஜூலுக்குக் கரியமில வாயு குறைவாக வருவதற்குக் காரணம் இதுதான். அடுத்தது இயந்திரம். பழைய வகை நிலக்கரி யூனிட்டில் உள்ளே போகும் வெப்பத்தில் 33, 35 சதவீதம் மின்சாரமாகும், மீதி குளிர்விக்கும் கோபுரம் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் போகும். நீராவியை இன்னும் அதிக அழுத்தத்தில் ஓட்டும் புது சூப்பர் கிரிட்டிக்கலில் 40ஐத் தாண்டலாம். எரிவாயுவில் கம்பைன்டு சைக்கிள் (வாயு டர்பைனின் கழிவு வெப்பத்தில் நீராவி டர்பைனையும் ஓட்டுவது) என்றால் 55 முதல் 60 வரை. இரண்டையும் சேர்த்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரியில் ஒரு கிலோ அளவுக்கு வருவது எரிவாயுவில் 400 கிராம் பக்கத்தில் நின்றுவிடும். அணு, நீர், காற்று, சூரியன் என்றால் ஓடும்போது எரிவதே இல்லை.

இது எல்லாம் எஞ்சினியருக்குத் தெரியும். அப்புறம் ஏன் நிலக்கரி? காலடியில் கிடைக்கிறது, வெளிநாட்டுப் பணம் கொடுத்து வாங்க வேண்டாம், குவித்து வைக்கலாம், ராத்திரியும் ஓடும். இன்னொன்று, ஒரு யூனிட்டைக் கட்டிவிட்டால் 30, 40 வருடம் ஓட்டித்தான் கடனை அடைத்து லாபம் பார்க்க முடியும். இன்றைக்கு ஒரு நாட்டின் உமிழ்வு இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ போட்ட கையெழுத்து. உங்கள் ரிக்ரெஷனில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா தம்பி?

தேடல்22
இல்லை சார். நிலையத்தின் வயது என்று ஒரு மாறி இருப்பதே தோன்றவில்லை.

கரித்துண்டு
பாய்லர் அண்ணா சொன்ன "கையெழுத்து" பிரான்ஸ், ஜெர்மனி விஷயத்தில் அப்படியே பொருந்தும். பக்கத்துப் பக்கத்து நாடுகள், இரண்டும் பணக்கார நாடுகள், வருமானத்தில் வித்தியாசம் இருந்தாலும் மடங்குக் கணக்கில் இல்லை. ஆனால் தலைக்கு உமிழ்வு பிரான்சில் 4 டன்னைச் சற்று தாண்டுகிறது, ஜெர்மனியில் சுமார் 7. ஜிடிபியை வைத்து இதை விளக்க முடியாது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்து விலை சில மாதங்களில் நான்கு மடங்கானபோது பிரான்சிடம் சொல்லும்படி எண்ணெய் இல்லை, நிலக்கரிச் சுரங்கங்களும் தேய்ந்துகொண்டிருந்தன. 1974-இல் பிரதமர் பியர் மெஸ்மெர் அணுமின் திட்டத்தை அறிவித்தார். பருவநிலை பற்றிய கவலையெல்லாம் அப்போது அந்த முடிவில் இல்லை, கையில் எரிபொருள் இல்லை என்ற கவலைதான். ஜெர்மனியிடம் பழுப்பு நிலக்கரி நிறைய இருந்தது, அதைச் சுற்றித் தொழிலாளர்களும் ஊர்களும் ஓட்டுகளும் இருந்தன. அவர்களுடைய கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரலில் மூடினார்கள், அப்போதும் நிலக்கரி நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வரிசை சரியா தவறா என்று இங்கே சண்டை போட ஆரம்பித்தால் இழை நூறு பக்கம் போகும், வேண்டாம்.

வெண்புகை
விலையை விட்டுவிட்டீர்களே. அமெரிக்காவில் 2005 வாக்கில் மின்சாரத்தில் பாதி நிலக்கரி. 2023-இல் ஆறில் ஒரு பங்கு. நடுவில் எந்த அதிபரும் நிலக்கரியைத் தடை செய்யவில்லை. பாறையைப் பிளந்து எடுக்கும் ஷேல் எரிவாயு மலிவாகக் கொட்டியது, பழைய நிலக்கரி யூனிட்டுகளால் போட்டி போட முடியவில்லை, பிறகு காற்றாலையும் சூரியத் தகடும் விலை இறங்கி வந்து சேர்ந்துகொண்டன. அதே காலத்தில் பிரிட்டன் வேறு வழியில் போனது: 2012-இல் மின்சாரத்தில் 40 சதவீதம் அளவுக்கு இருந்த நிலக்கரி, 2013-இல் கரியமில வாயு உமிழ்வுக்கு ஒரு குறைந்தபட்ச விலை வைத்த பிறகு சரசரவென்று சரிந்தது. கடைசி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டது. ஒன்று சந்தை தந்த விலை, மற்றது அரசு வைத்த விலை. உங்கள் தரவில் எரிபொருள் விலை இல்லாமல் இந்த இரண்டையும் எப்படிப் பிடிப்பீர்கள்?

சும்மா ஒருவன்
பிரிட்டன் ஆலைகளையெல்லாம் மூடிவிட்டு சாமான்களைச் சீனாவிலிருந்து வாங்குகிறது. புகை அங்கே, பொருள் இங்கே. அதையும் சாதனை என்று சொல்ல வேண்டுமா?

வெண்புகை
பாதி சரி. நாட்டின் எல்லைக்குள் எரிந்ததை மட்டும் எண்ணுவது ஒரு கணக்கு, அந்த நாட்டு மக்கள் பயன்படுத்தும் பொருளுக்காக எங்கெங்கோ எரிந்ததை எண்ணுவது இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்கில் பிரிட்டன், ஸ்வீடன், சுவிட்சர்லாந்து எல்லாம் நன்றாகவே மேலே போகும், சீனா சுமார் பத்தில் ஒரு பங்கு கீழே வரும். ஆனால் பிரிட்டனின் நுகர்வுக் கணக்கும் 2007-க்குப் பிறகு இறங்கித்தான் இருக்கிறது. எல்லைக் கணக்கு அளவுக்கு அழகாக இல்லை, அவ்வளவுதான். "எல்லாமே ஏமாற்று" என்பதும் தப்பு, "நாங்கள் பாதியாக்கிவிட்டோம்" என்று மார்தட்டுவதும் தப்பு.

சீனாவைப் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் ஏற்றுமதியையே சொல்கிறார்கள். 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு அங்கே வந்த ஏற்றம் பயங்கரமானதுதான். ஆனால் அந்த எஃகும் சிமெண்டும் பெரும்பாலும் கப்பலேறவில்லை, அவர்கள் நாட்டிலேயே கட்டடமாகவும் பாலமாகவும் ரயில் பாதையாகவும் நிற்கின்றன. உலகின் எஃகில் பாதிக்கு மேல், சிமெண்டில் ஏறக்குறைய பாதி அங்கே. சிமெண்டில் இன்னொரு சிக்கல்: எரிபொருளை மாற்றினாலும் தீராது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறும், அந்த ஆலையின் உமிழ்வில் பாதிக்கு மேல் அப்படி வருவது. அதனால்தான் நாடு கட்டிக்கொண்டிருக்கும் கட்டத்துக்கும் கட்டி முடித்த கட்டத்துக்கும் ஒரே ஜிடிபிக்கு வேறு வேறு உமிழ்வு.

எல்லை இல்லை
அப்போ குஸ்நெட்ஸ் வளைவு சரிதானே? வருமானம் கூடக்கூட உமிழ்வு முதலில் ஏறும், பிறகு தானாக இறங்கும்.

கரித்துண்டு
"தானாக" என்ற சொல்லைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் சொன்னது வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றி. அதைச் சுற்றுச்சூழலுக்குக் கொண்டுவந்தது 1991-இல் கிராஸ்மன், க்ரூகர் என்ற இருவர். அவர்கள் பார்த்தது நகரக் காற்றில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு மாதிரியான விஷயங்கள், பக்கத்தில் இருப்பவருக்கே இருமல் வரும், மக்கள் கூச்சல் போடுவார்கள், புகைபோக்கியில் வடிகட்டி வைப்பார்கள். கரியமில வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, கெடுதலும் ஊர் உலகம் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்வது. கூச்சல் எங்கிருந்து வரும்?

அப்புறம் ஒரு கணித வேடிக்கை. ஜிடிபியோடு ஜிடிபியின் வர்க்கத்தையும் போட்டு ஓட்டினால் அது இருபடிச் சமன்பாடு. இருபடி எங்காவது ஓர் இடத்தில் திரும்பியே ஆக வேண்டும், அதன் பிறவிக்குணம் அது. திரும்பும் இடம் உங்கள் தரவில் இருக்கும் எந்த நாட்டின் வருமானத்துக்கும் அப்பால் இருந்தால்கூட "திருப்புமுனை கண்டோம்" என்று எழுதிவிடுகிறார்கள்.

பழைய பாய்லர்
சோவியத் உடைந்தபோது ரஷ்யாவில் உமிழ்வு 1990-களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. யாரும் பசுமைத் திட்டம் போடவில்லை, ஆலைகள் படுத்துவிட்டன. 2020-இல் உலகம் முழுக்க 5 சதவீதம் அளவுக்கு விழுந்தது, மறு வருடமே பெரும்பகுதி திரும்பி வந்தது. உங்கள் 1990-2019 தரவில் ரஷ்யா, உக்ரைன் இருந்தால் முதல் பத்து வருடத்தைத் தனியாகப் பாருங்கள் தம்பி, அது மொத்த முடிவையும் இழுத்துக்கொண்டு போகும்.

கணக்குப்புலி
இன்னும் ஒரு பொறி இருக்கிறது. "முதன்மை ஆற்றல்" (மின்சாரமாகவோ வேறாகவோ மாற்றும் முன் உள்ள மூல ஆற்றல்) என்ற எண்ணே கணக்கு மரபைப் பொறுத்து மாறும். சர்வதேச ஆற்றல் முகமையின் முறையில் ஒரு யூனிட் அணுமின்சாரத்தை மூன்று யூனிட் முதன்மை ஆற்றலாக எழுதுவார்கள், வெப்பத்தில் 33 சதவீதம்தான் மின்சாரமாகிறது என்று வைத்து. நீர்மின்சாரமும் காற்றும் ஒன்றுக்கு ஒன்று. புவிவெப்ப மின்சாரம் ஒன்றுக்குப் பத்து! அதனால் அந்த அட்டவணையில் பிரான்ஸ் ஆற்றலை வீணடிக்கும் நாடு போலவும், ஐஸ்லாந்து ஆற்றலைக் குடிக்கும் பூதம் போலவும் தெரியும் (ஐஸ்லாந்தில் அலுமினிய உருக்காலைகளும் இருக்கின்றன, அது வேறு). நிலக்கரியிலிருந்து காற்றாலைக்கு மாறும் நாட்டின் ஆற்றல் செறிவு ஒரு விளக்கை மாற்றாமலேயே குறைந்ததாகக் காட்டும். "திறன் கூடியது" என்று எழுதும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஜிடிபியும் அப்படித்தான், சந்தை மாற்று விகிதத்தில் எடுத்தால் ஏழை நாடுகளின் செறிவு பூதாகரமாகத் தெரியும், வாங்கும் திறன் சமநிலையில் (அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பத் திருத்திய மாற்று விகிதத்தில்) எடுத்தால் அடங்கிவிடும்.

தேடல்22
எல்லாருக்கும் நன்றி. நான்கு நாளாக இதே வேலை. ஆற்றல் மாறியை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஆர்-ஸ்கொயர் 0.97-இலிருந்து 0.61-க்கு வந்தது, ஜிடிபியின் குறி பிளஸ் ஆனது. வழிகாட்டி "ஏன் கெடுத்து வைத்திருக்கிறாய்" என்று கேட்டார். கரித்துண்டு சொன்னதை என் வாயால் விளக்கினேன், அரை மணி நேரம் அமைதியாகக் கேட்டுவிட்டு "சரி, இதையே முதல் அத்தியாயமாக எழுது" என்றார்.

இப்போது காயா முறையில் பிரித்துவிட்டு, அதில் கடைசிக் காரணியான கரிச்செறிவை மட்டும் ரிக்ரெஷனில் வைக்கலாம் என்று இருக்கிறேன். வலது பக்கத்தில் உள்நாட்டு நிலக்கரி இருப்பு, எரிவாயு விலை, 1990-இல் நீர் மற்றும் அணு மின்சாரத்தின் பங்கு. ஒரு சந்தேகம்: கத்தாரை வைத்துக்கொள்ளலாமா, நீக்கிவிடலாமா? தலைக்கு 30 டன்னுக்கு மேல் வருகிறது, வரைபடத்தில் மற்ற எல்லாரையும் மூலையில் தள்ளிவிடுகிறது.

கரித்துண்டு
நீக்காதீர்கள். அங்கே மக்கள் குறைவு, எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கி ஏற்றுமதி செய்யவே நிறைய எரிவாயு எரிகிறது, அந்தப் புகை முழுக்க அவர்கள் கணக்கில் ஏறும், வாங்கி எரிப்பவரின் புகை வாங்கியவர் கணக்கில். அது தரவுப் பிழை இல்லை. ஆனால் உங்கள் புது இடது பக்கம் கரிச்செறிவு, தலைக்கு உமிழ்வு இல்லை. பெரும்பாலும் எரிவாயுவையே எரிப்பதால் அதில் கத்தார் ஓரத்துக்கே போகாது, போட்டுப் பாருங்கள். உங்களை அங்கே படுத்தப்போவது நார்வேயும் ஐஸ்லாந்தும்தான்.

தேடல்22
போட்டுவிட்டேன். நார்வே படுத்துகிறது.

பழைய பாய்லர்
ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது அவர்களுக்கு. 1990-இன் நீர் மின்சாரப் பங்கு அதைத்தானே பிடிக்க வேண்டும், லாக் எடுக்காமல் நேராகப் போட்டுப் பாருங்கள்.